அக்காவின் இடது பாதம்

எக்ஸ்ரே அறையிலிருந்து அக்கா வருவது பார்க்காமலே தெரிந்தது. ஒரு செருப்பு தட்டியது. மற்றது தரையில் இழுபட்டது.

அந்த ஓசைக்கு இந்தப் பங்குனிப் பௌர்ணமியோடு ஐம்பத்திரண்டு வயது. எனக்கு அப்போது ஆறு, அவளுக்குப் பதின்மூன்று. என் காமாலை தீர்ந்ததற்கான வேண்டுதல். வெறுங்காலில் மலை சுற்றினோம், நான் அப்பாவின் தோளில். அடி அண்ணாமலை அருகே பள்ளத்தில் அவள் பாதம் மடங்கியது.

"சுளுக்குதாம்மா. பாதியில நின்னா தம்பிக்கு மறுபடியும் வந்துடும். நட" என்றார் அப்பா.

மீதி வழி முழுக்க என்னையே பார்த்தபடி நொண்டினாள். வீங்கிய பாதத்துக்கு வீட்டில் பத்து போட்டதோடு சரி.

"விலகின மூட்டை அப்பவே சேர்த்திருக்கணும். இப்ப தேய்ஞ்சுபோச்சு. வலி இருக்கத்தான் செய்யும்" என்றார் டாக்டர்.

திரும்பும்போது ஆட்டோவில் அக்கா கேட்டாள்: "அப்புறம் உனக்குக் காமாலை வரவேயில்ல, இல்லடா?"