கத்தரீன் எழுதிய இருபத்தைந்தாவது பெயர்

தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்துக் கட்டுப்போடும் டிரெசர் தோமஸின் மகள் கத்தரீன் கல்லூரிக்குப் போகிறாள் என்றதும் தொழிலாளர் குடியிருந்த லயம் முழுக்க அதுதான் பேச்சு. அந்த மலையிலிருந்து அதற்கு முன் எந்தப் பெண்ணும் அவ்வளவு தூரம் படித்ததில்லை.

சிங்கப்பூரில் இருந்த அந்தக் கலைக் கல்லூரி மிகச் சிறியது. அவள் வகுப்பில் முப்பத்தொரு பேர். பெண்கள் ஐந்தே பேர். வரலாறு, பொருளியல், ஆங்கில இலக்கியம் ஆகிய மூன்றும் பாடங்கள். வாரம் ஒரு கட்டுரை எழுதி, விரிவுரையாளரின் அறைக்குப் போய் அவர் முன்னால் உரக்க வாசிக்க வேண்டும். கத்தரீன் வாசித்து முடித்ததும் வரலாற்று விரிவுரையாளர் தவறாமல் ஒன்று கேட்பார்: “இரண்டு தரப்பையும் நன்றாகச் சொன்னாய். உன் தரப்பு எது?” அவள் மறுபடி தாளைப் புரட்டத் தொடங்குவாள்.

அதே வகுப்பில்தான் டொனால்டும் இருந்தான். அதே மலையிலிருந்த தானா ராத்தா ஊரில் துணி தைத்துப் பிழைத்த விதவை தெரசம்மாளின் ஒரே மகன். ஒரே மலையிலிருந்து போனவர்கள் என்றாலும் இரண்டு வருடத்தில் அவர்கள் பத்து வார்த்தை பேசியிருந்தால் அதிகம். ஆண்களோடு நின்று பேசினால் விடுதியில் கேள்வி வரும்.

1941 டிசம்பரில் இருவரும் விடுமுறைக்கு வீடு வந்தார்கள். இறுதித் தேர்வுக்குச் சில மாதங்களே இருந்தன. அதற்குள் சண்டை வந்துவிட்டது. துரைமார் ஓடிப்போனார்கள். பிப்ரவரியில் சிங்கப்பூரும் விழுந்தது. கல்லூரிக் கட்டடத்தில் காயம்பட்ட சிப்பாய்களைப் போட்டிருக்கிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். தோட்டம் ஜப்பான்காரன் கைக்குப் போனது.

தானா ராத்தாவில் அரிசி அற்றுப்போனபோது தெரசம்மாள் மகனைக் கூட்டிக்கொண்டு தோட்டத்துக்கு வந்தார். காலியாகக் கிடந்த ஒரு லயத்து அறையில் குடியேறி, சரிவைக் கொத்தி மரவள்ளி நட்டார்கள். முதல் ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்ததும் டொனால்ட் டிரெசர் வீட்டு வாசலில் வந்து நின்றான். கையெல்லாம் கொப்புளம்.

“கத்தரீன், எகனாமிக்ஸ் நோட்ஸ் உங்கிட்ட இருக்கா?”

“எதுக்கு?”

“பரீட்சைக்குத்தான். சண்டை என்னிக்காச்சும் முடியும்லா.”

பல மாதங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் சிரித்தாள்.

அப்படித்தான் அந்த இரண்டு பேர் கல்லூரி தொடங்கியது. கொழுந்து குறைந்துபோனதால் தொழிற்சாலையில் இலை வாட்டும் மேல்மாடி வெறுமையாகக் கிடந்தது. ஞாயிறு பிற்பகலில் அங்கே உட்காருவார்கள். தோமஸ் மாடிப்படியில் அமர்ந்து சுருட்டு பிடித்துக்கொண்டிருப்பார். ஒரு வாரம் டொனால்ட் வரலாறு சொல்வான். மறுவாரம் கத்தரீன் பொருளியல் சொல்வாள். தேயிலைப் பெட்டிக்கு ஒட்டும் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் கட்டுரை எழுதி, மாற்றித் திருத்திக்கொள்வார்கள். ஒரு முறை அவன் அவளுக்கு நாற்பத்தெட்டு மார்க் போட்டான்.

“இவ்ளோ எழுதியும் நாப்பத்தெட்டா?”

“நீ முடிவே சொல்லல. அதுவும் சரி, இதுவும் சரின்னா எப்படி?”

“ரெண்டுமே சரியா இருந்தா?”

“அப்பவும் ஒண்ணைத்தான் எடுக்கணும். எடுத்துட்டு, ஏன்னு சொல்லணும்.”

அவள் கோபத்தோடு தாளைப் பிடுங்கிக்கொண்டாள். அடுத்த வாரம் முடிவோடு எழுதி வந்தாள். அறுபத்திரண்டு கிடைத்தது.

1943 நடுவில் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர் காய்ச்சலில் இறந்தார். டைப் அடிக்கத் தெரிந்த ஆள் வேறு இல்லை. ஜப்பானிய அதிகாரி கத்தரீனை அந்த நாற்காலியில் உட்கார வைத்தார். ஒரு மாதம் கூட ஆகவில்லை, உத்தரவு வந்தது. சயாமில் ரயில் பாதை போட இந்தத் தோட்டத்திலிருந்து இருபத்தைந்து ஆண்கள் போக வேண்டும். மூன்று மாத வேலை, நல்ல சாப்பாடு என்றார்கள். பட்டியல் மதியத்துக்குள் வேண்டும்.

மாடசாமி கங்காணி ஆபீஸ் மேசையருகே நின்று பெயர்களைச் சொல்ல, கத்தரீன் டைப் அடித்தாள். தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக்காரன் சின்னையாவின் பெயர் பதினோராவது. இருபத்து நான்காவது பெயரோடு கங்காணி நிறுத்திவிட்டார்.

“இன்னும் ஒரு ஆளு வேணும் பாப்பா. மூணாவது லயத்து அகஸ்டின் இருக்கான். நாலு புள்ளைங்க, பொண்டாட்டி வேற முழுகாம இருக்கா. இல்லாட்டி அந்த டவுன்காரத் தம்பி, டொனால்டு. நம்ம கூலிக் கணக்கு செக்ரோல்ல பேரே இல்லாத ஆளு. எனக்கு சொல்ல வாய் வரல. நீ படிச்ச புள்ள, நீயே சொல்லு.”

பக்கத்து அறையில் அதிகாரியின் பூட்ஸ் சத்தம் கேட்டது. கத்தரீன் இரண்டு பக்கத்தையும் எண்ணிப் பார்த்தாள். அந்தப் பக்கம் ஐந்து உயிர்கள், பிறக்கப்போவதையும் சேர்த்தால் ஆறு. இந்தப் பக்கம் ஒரு தாய். மூன்று மாதம். டொனால்ட் இளவயசு, உடம்பில் தெம்பு இருக்கிறது. இங்கிலீஷ் தெரிந்தவனுக்கு அங்கே ஆபீஸ் வேலைகூடக் கிடைக்கலாம். அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். அவன் பெயரை எழுத்தெழுத்தாக அடித்தாள்.

சாயங்காலம் மரவள்ளிச் சரிவுக்குப் போய் அவளே சொன்னாள். டொனால்ட் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கேட்டான். முகம் வெளுத்துவிட்டது.

“அகஸ்டினா, நானான்னு வந்துச்சா?”

“ஆமா.”

“நீ சரியாத்தான் எழுதியிருக்கே. நானா இருந்தாலும் அதையேதான் எழுதியிருப்பேன்.” பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னான்: “அம்மாகிட்ட மட்டும் நீ எழுதினேன்னு சொல்லிடாதே. மூணு மாசம்தானே, வந்துடுவேன்.”

திட்டியிருந்தால் அவளால் தாங்கியிருக்க முடியும்.

மறுநாள் காலை லோரி வந்தது. தாப்பா ரோடு ஸ்டேஷன் வரை லோரி, அங்கிருந்து ரயில். தெரசம்மாள் தன் கையால் தைத்த பனியன் ஒன்றை மகனுக்குப் போட்டுவிட்டார். பனி மூடிக்கிடந்ததால் முதல் வளைவிலேயே லோரி மறைந்துவிட்டது.

மூன்று மாதம் போயிற்று. ஒரு வருடம் போயிற்று. ஒரு கடிதம் கூட வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கத்தரீன் மேல்மாடிக்குப் போவதை நிறுத்திவிட்டாள். கத்தரீனின் அப்பா தோமஸ், மருந்தில்லாத ஆஸ்பத்திரியில் மலேரியா நோயாளிகளோடு கிடந்து, அதே காய்ச்சலில் போய்ச்சேர்ந்தார். தெரசம்மாள்தான் சவப்பெட்டிக்குள் விரிக்கத் துணி தைத்துக் கொடுத்தார். “டொனால்டு வந்ததும் உனக்கு ஒரு துணை மாதிரி இருப்பான்மா” என்று அவள் தலையைத் தடவினார். அந்தக் கையை விலக்கவும் முடியாமல், வைத்துக்கொள்ளவும் முடியாமல் கத்தரீன் உட்கார்ந்திருந்தாள்.

சண்டை முடிந்து 1946 தொடக்கத்தில் சயாமிலிருந்து நாலே பேர் திரும்பினார்கள். அதில் ஒருவன் சின்னையா. கால் முழுக்கப் புண், எலும்பும் தோலுமாக இருந்தான். கத்தரீன் அவனைத் தேடிப் போய் டொனால்டைப் பற்றிக் கேட்டாள்.

“காலரா அம்மா. ரெண்டே நாளு. நான்தான் பக்கத்துல இருந்தேன். கடைசி ராத்திரி பூரா இங்கிலீசுலயே பேசிக்கிட்டு இருந்தாரு. எனக்கு ஒண்ணும் வெளங்கல. நீங்க இருந்திருந்தா என்ன சொன்னாருன்னு தெரிஞ்சிருக்கும்.”

அவள் நேராகத் தெரசம்மாளின் அறைக்குப் போனாள். மகன் இறந்த செய்தி அவரிடம் முன்னமே வந்திருந்தது. சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அழுத பெண்கள் போய்விட்டிருந்தார்கள். கத்தரீன் எதையும் மறைக்கவில்லை. அகஸ்டினின் பெயர், கங்காணி கேட்டது, தான் எண்ணிப் பார்த்தது, டொனால்ட் சொன்னது, எல்லாவற்றையும் சொன்னாள்.

தெரசம்மாள் நீட்டிய காலை மடக்கிக்கொண்டு கேட்டார். “அவனுக்கே தெரியுமா?”

“தெரியும்மா.”

“தெரிஞ்சும் எங்கிட்ட சிரிச்சுக்கிட்டே போனானா?” அதற்குப் பிறகுதான் அவர் வாய்விட்டு அழுதார். அழுது ஓய்ந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். “அகஸ்டின் புள்ளைங்க தெருவுல ஓடறத நானும் பாக்கறேன். நீ செஞ்சது தப்புன்னு சொல்ல எனக்கு வாயில்ல. ஆனா உம் மூஞ்சிய என்னால பாக்க முடியல கத்தரீன். இனிமே வராதே.”

அந்த வருடக் கடைசியில் கல்லூரி மறுபடி திறந்தது. பழைய மாணவர்கள் வந்து படிப்பை முடிக்கலாம் என்று கடிதம் வந்தது. கத்தரீன் போனாள். முதல் நாள் பழைய பதிவேட்டைப் பார்த்து அலுவலர் பெயர்களைக் கூப்பிட்டார். முப்பத்தொரு பேரில் பதினெட்டுப் பேர் எழுந்து நின்றார்கள். டொனால்டின் பெயர் வந்தபோது கத்தரீன் எழுந்து, இறந்துவிட்டான் என்றாள். சான்றிதழ் உண்டா என்று கேட்டார். இல்லை என்றாள். அவர் “வரவில்லை” என்று எழுதிக்கொண்டு அடுத்த பெயருக்குப் போனார்.

அவள் இரண்டாம் வகுப்பில் தேறினாள். சேதி சொல்ல வீட்டில் யாரும் இல்லை. மலைக்குத் திரும்பி ரிங்லெட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாகச் சேர்ந்தாள். தெரசம்மாள் தானா ராத்தாவுக்கே திரும்பி மறுபடி தைக்க ஆரம்பித்திருந்தார்.

ஒரு சனிக்கிழமை பஸ் ஸ்டாண்டில் இருவரும் எதிரெதிரே வந்துவிட்டார்கள். தெரசம்மாள் மிகவும் ஒடுங்கிப்போயிருந்தார். ஒரு கணம் நின்றார், ஏதோ சொல்லப்போகிறவர் போல. பிறகு குடையைத் தாழ்த்திக்கொண்டு நடந்தார். மழை தூறிக்கொண்டிருந்தது. அவர் கடைத்தெருவில் திரும்பும் வரை கத்தரீன் அங்கேயே நின்றாள். ரிங்லெட் பஸ் அவளை விட்டுவிட்டுப் போயிருந்தது.