ஒரு கையால் தூக்கும் கல்

கல்லோயா அணை வேலைக்கு லொறிகள் ஓடிக்கொண்டிருந்த காலத்தில், கல்முனையில் என் மகளுக்கு, கலியாணத்துக்குப் பிறகு மாப்பிள்ளை வந்து குடியேறும் சீதன வீடு கட்டினேன். கடலோர மணலில் கனமான சுவர் இறங்கி வெடித்துவிடும் என்று பயந்து, அச்சுப் பெட்டியில் சீமெந்துக் கல் அரியும் ஒருவரைப் பிடித்தேன். மட்டக்களப்பு ரயில் நிலையத்தில் எஞ்சின்கள் கொட்டும் கரிச்சாம்பலில், நுரைத்து இறுகிய கட்டிகளைப் பொறுக்கி நொறுக்கி, அவர் சீமெந்தோடு கலப்பார். கல்லின் கனம் பாதியாகிவிடும்.

ஒல்லியான மனிதர். இமை மயிரில்கூடச் சாம்பல் படிந்திருக்கும். எந்தக் கல்லையும் தேத்தண்ணீர்த் தட்டைப்போல உள்ளங்கையில் ஏந்திப் பார்க்காமல் கீழே வைக்கமாட்டார். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும்.

கனமில்லாத சுவரைக் கஞ்சத்தனம் என்று நினைக்கும் ஊர் எங்களுடையது. ஆகவே மாப்பிள்ளை வீட்டார் வீடு பார்க்க வந்த அன்று, "தயவுசெய்து கல்லப் பத்திக் கதைக்காதீங்க" என்று அவரிடம் கெஞ்சினேன்.

"ஓம் காக்கா" என்று அண்ணன் முறை வைத்துச் சொன்னார்.

அவர்கள் சுவரைத் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றபோது, மிஞ்சிய கல் ஒன்றை ஒரே கையால் தலைக்கு மேல் தூக்கிவிட்டார்.

"இஞ்ச பாருங்க! எல்லாம் ரயில் சாம்பல். சின்னப் புள்ளயும் தூக்கும்!"

மாப்பிள்ளையின் மாமா என்னை முறைத்தார். "சாம்பலால கட்டின ஊட்டுக்கா எங்கட புள்ளய அனுப்பச் சொல்றீங்க?"

தேத்தண்ணீரைத் தொடாமலே அவர்கள் போய்விட்டார்கள். நான் அந்தக் கல்லை அவர் கையிலிருந்து பிடுங்கி, ஆத்திரத்தில் வேலிக்கு அப்பால் வீசினேன்.

அது விழுந்த இடத்தைப் பார்த்துவிட்டு, முகமெல்லாம் பெருமையாக என் பக்கம் திரும்பினார்.

"மத்தக் கல்லெண்டா வேலியத் தாண்டுமா, காக்கா?"