ஊசியில் தேறிய பசு

உள்ளறையில் சுல்மாவின் கணவன் இசாபெலினோ இருமினான். அடிவயிற்றிலிருந்து கிளம்பித் தொண்டையில் வந்து உடையும் இருமல். அடுப்படியில் உட்கார்ந்திருந்த மாட்டு டாக்டர் பெந்தான்கோர் அது ஓயும்வரை தரையையே பார்த்தார். கொட்டகைக்குப் பின்னால் செத்துக் கிடந்த பசு ரெய்னாவை அறுத்துப் பார்த்துவிட்டு, சற்றுமுன்தான் கை கழுவியிருந்தார்.

"நுரையீரல் முழுக்கக் கட்டிம்மா. காசநோய்தான். ரொம்ப நாளாவே இருந்திருக்கு."

சுல்மா கெட்டிலை இறக்கினாள். "ரெய்னா உங்க ஊசியில தேறின மாடு, டாக்டர்."

சான் ஹோசே பக்கம் பால்மாடு வைத்துப் பிழைப்பவர்கள் எல்லோரும் அறிந்த காசநோய்ச் சோதனை ஊசி அது. கழுத்தில் போட்டு, மூன்று நாள் கழித்து வந்து தோலின் தடிப்பை அளப்பார்கள். தடிப்பு அளவுக் கோட்டைத் தாண்டினால் கன்னத்தில் சூடு, பிறகு வெட்டுக்கூடத்து லாரி. போன இலையுதிர்காலத்தில் தாண்டியது மோரா மட்டும்தான். தாய் செத்த கன்றாக வந்து, சுல்மாவின் கையால் புட்டிப்பால் குடித்து வளர்ந்த பசு. பிள்ளையில்லாத அந்த வீட்டில் பெயர் சொன்னால் திரும்பிப் பார்க்கும் ஒரே ஜீவன். "இன்னொரு சோதனை பண்ணிப் பாருங்க" என்று அன்று கெஞ்சினாள். "விதி இடம் குடுக்காதும்மா" என்று சொல்லிவிட்டார் பெந்தான்கோர். மோராவின் உடம்பில் நோயின் சுவடே இல்லை என்று வெட்டுக்கூடத்திலிருந்து பிறகு சொல்லி அனுப்பினார்கள்.

நல்லதைக் கெட்டது என்று சொன்ன ஊசி, கெட்டதை நல்லது என்றும் சொல்லக்கூடும். அது மட்டும் அப்போது சுல்மாவுக்குத் தோன்றவில்லை. விடியற்காலையில் மாட்டின் காலடியிலேயே, சர்க்கரையும் சொட்டுச் சாராயமும் விட்ட தம்ளரில் கறந்த சூட்டோடு பால் குடிப்பது இசாபெலினோவின் பழக்கம். மோரா போனபின் அந்தத் தம்ளரை ரெய்னாவின் மடியில் பிடித்தவள் அவள்தான். "தேறின மாட்டுப் பாலு, பயப்படாம குடி" என்றும் சொன்னாள்.

"கோழிங்க எங்கம்மா தூங்கும்?" என்றார் டாக்டர்.

"கொட்டகையில, தீவனத்தொட்டி மேல. குளிருக்கு வேற எங்க போகும்?"

"கோழிக்கும் இதே இனத்துல ஒரு கிருமி உண்டு. அது பட்டிருந்தா நல்ல மாட்டுக்கும் தோல் தடிக்கும். மோராவுக்கு அதுதான் ஆகியிருக்கணும். நோய் முத்தின மாட்டுக்கு எதிர்க்கவே தெம்பிருக்காது. அதனால ரெய்னாவுக்குத் தடிக்கல."

"அப்ப கோட்டைக் கொஞ்சம் மேல வச்சிருந்தா என் மோரா பொழச்சிருக்கும்."

"ரெய்னா மாதிரி இன்னும் ரெண்டு தப்பிச்சிருக்கும்மா. கீழ இறக்கினா மோரா மாதிரி நாலு சாகும். கோட்டை எங்க வச்சாலும் ஏதோ ஒரு பக்கம் தப்பு விழத்தான் செய்யும்."

"எனக்கு ரெண்டு பக்கமும் விழுந்துடுச்சே."

உள்ளேயிருந்து இசாபெலினோ குரல் கொடுத்தான். "டாக்டரா வந்திருக்காரு? எனக்கும் கழுத்துல ஒண்ணு குத்தச் சொல்லு சுல்மா. தேறிட்டேன்னா நாளைக்கே கறவைக்கு வந்துடறேன்."

சிரிக்கத் தொடங்கியவனை இருமல் பிடித்துக்கொண்டது. பட்டணத்து வைத்தியர் காசநோய்க்குக் கொடுத்த மாத்திரை பலித்தால் வசந்தத்தில் எழுந்திருப்பான். பலிக்காவிட்டால் என்ன ஆகும் என்று அந்த வைத்தியரும் சொல்லவில்லை.

சுல்மா குடுக்கையில் மாத்தே இலைமேல் வெந்நீர் ஊற்றி, குழலில் உறிஞ்சினாள். அதே குடுக்கையில் மறுபடி நீர் ஊற்றி வந்தவருக்கு நீட்டுவதுதான் வழக்கம். பெந்தான்கோர் பழக்கத்தில் கை நீட்டினார். அவள் குடுக்கையைத் தன் பக்கமாகவே வைத்துக்கொண்டாள்.

"தண்ணி ஆறிப்போச்சு, டாக்டர்."

கெட்டிலின் மூக்கில் ஆவி பறந்துகொண்டிருந்தது. அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"மத்த மாடுகளுக்கு மறுபடி ஊசி போடணும்மா. கழுத்துக்கு ரெண்டு ஊசி, மாட்டுக்கிருமிக்கு ஒண்ணு, கோழிக்கிருமிக்கு ஒண்ணு தனியா, எது அதிகம் தடிக்குதுன்னு பார்க்க. இப்ப அனுமதி வந்திருக்கு."

"இப்ப வந்திருக்கு," என்றாள் சுல்மா. "போடுங்க. ஆனா தேறிடுச்சுன்னு மட்டும் என்கிட்ட சொல்லாதீங்க. தடிக்கலன்னு சொல்லுங்க, போதும்."

அவர் தலையசைத்துப் படியிறங்கினார். அவள் கதவைச் சாத்தினாள்.