சாம்பிள் நன்றாக வந்திருந்தது

பத்து அங்குலத் திரை, கறுப்பு மூடி, சாப்பாட்டு டப்பாவைவிடக் கொஞ்சம் பெரிய உடம்பு. நெட்புக் என்று அதற்குப் பெயர். இரண்டாயிரங்களின் கடைசியில் அது கடைக்கு வந்தபோது, பல்லடத்துக்குப் பக்கத்துப் பனியன் நகரத்தில், ராயபுரத்து ஏற்றுமதி கம்பெனி ஒன்றின் முதலாளி அதன் மூடியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்துத் தேய்த்துப் பார்த்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. துணியை அப்படித் தேய்த்துத்தான் அவர் தரம் சொல்வார். கம்ப்யூட்டரும் தேய்த்தால் உண்மையைச் சொல்லிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ. அந்தக் கம்பெனியின் கம்ப்யூட்டர்களைப் பழுது பார்ப்பவன் நான். வாங்கலாமா வேண்டாமா என்று சொல்வதற்காக என்னைக் கூப்பிட்டிருந்தார். "ஏனுங்க, இது தாங்குமுங்களா?" என்றார். டீ கொண்டுவருகிறவரைக்கூட அவர் 'ங்க' போட்டுத்தான் அழைப்பார். ஆளை வேலையிலிருந்து நிறுத்தும்போதும் அந்த மரியாதையில் ஒரு குறையும் இருக்காது.

தாங்காது என்று நான் சொன்னேன். விசைகள் நெருக்கமாக இருந்தன, எக்ஸெல் திறப்பதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம், அளவுப் பட்டியலைப் படிக்க இடமும் வலமும் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பொம்மைக்கு மேல், கம்ப்யூட்டருக்குக் கீழ் என்பது என் தீர்ப்பு. எதிரில் நின்றிருந்த மெர்ச்சண்டைசர் அக்காவுக்கு முகம் சுருங்கிவிட்டது. மெயில் போனால் போதும், மற்றதைத் தான் பார்த்துக்கொள்வதாக அவசரமாகச் சொன்னாள். வெளிநாட்டு வியாபாரிக்கும் தையல் கூடத்துக்கும் நடுவில் நின்று, இரண்டு பக்கத்துத் திட்டையும் வாங்கிக்கொண்டு ஆர்டரைக் கப்பலேற்றுவது அவள் வேலை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து பல்லடத்தில் குடியிருந்தாள். அப்போது ஆறு மாத கர்ப்பம். பிரசவத்துக்குப் போய்த் திரும்பிய எந்தப் பெண்ணுக்கும் அந்தக் கம்பெனியில் நாற்காலி காத்திருந்ததில்லை. கணவன் வேலை பார்த்த சாயப்பட்டறை திறந்திருந்த நாட்களைவிட மூடியிருந்த நாட்கள்தான் அதிகம். வீட்டிலிருந்தே வேலையை ஓட்டிவிட்டால் நாற்காலி தப்பிக்கும் என்பது அக்காவின் கணக்கு. அந்தச் சின்னப் பெட்டியை அவள் அப்படி நம்பினாள்.

முதலாளி மறுக்கவில்லை. ஒன்றே ஒன்று வாங்குவோம், சாம்பிள் ஓட்டிப் பார்த்துவிட்டு மேற்கொண்டு முடிவு செய்யலாம் என்றார். அந்த ஊரில் நூலானாலும் பட்டனானாலும் சம்பந்தமானாலும் யாரும் சாம்பிள் பார்க்காமல் வாங்குவதில்லை என்பதால் எங்களுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

இணையத்துக்காக அதில் செருகும் டேட்டா கார்டு வேலை செய்யவில்லை என்று ஒருமுறை பல்லடத்துக்குப் போயிருந்தேன். வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காமல் அக்கா மொட்டை மாடிப் படியில் உட்கார்ந்திருந்தாள். திரையில் வெயில் விழாதபடி ஒரு துண்டை அதன்மேல் போட்டு, துண்டுக்குள் தானும் தலையை நுழைத்திருந்தாள். ஆவி பிடிக்கிறாள் என்று நினைத்தேன். கோழிப்பண்ணை ஈ மொய்த்தது. பக்கத்து வீட்டுத் தறிச் சத்தத்தைக் கேட்டு வெளிநாட்டுக்காரன் போனில் விசாரித்தால், உங்கள் ஆர்டர்தான் ஓடுகிறது என்று சொல்லிவிடுவாளாம். சொல்லிவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு ஆசையாகத் திரையைக் காட்டினாள். ஒவ்வொரு வியாபாரிக்கும் ஒரு ஃபோல்டர். கலர் தாமதமானால் என்ன எழுதுவது, கப்பல் தவறினால் எப்படிக் கெஞ்சுவது, விலை குறைக்கச் சொன்னால் எங்கே பிடி கொடுக்காமல் நழுவுவது என்று பதில்கள் எல்லாம் தயாராக இருந்தன. எட்டு வருட அனுபவத்தைச் சுத்தமாக மடித்து அதற்குள் அடுக்கியிருந்தாள். "இனிமே இதை வச்சு யாரு வேணும்னாலும் ஓட்டலாம் தம்பி" என்றாள். அந்தப் பெருமையைப் பார்த்தபோது எனக்கே என் தீர்ப்பு தவறோ என்று தோன்றியது.

தவறுதான். ஒரு ஆர்டர்கூடப் பிசகவில்லை. முதலாளி மகிழ்ந்துபோய் என்னிடம் இன்னும் சில நெட்புக்குகள் கேட்டார். நானும் வாங்கிக் கொடுத்தேன், வியாபாரம் வியாபாரம்தான். அவற்றைத் தயார் செய்ய நான் போன அன்று அக்காவையும் வரச் சொல்லியிருந்தார். மாசம் நிறைந்த வயிற்றோடு பல்லடம் பஸ்ஸில் நசுங்கி வந்திருந்தாள். அவள் நாற்காலியில் கல்லூரி முடித்த ஒரு புதுப்பெண் உட்கார்ந்திருந்தாள். முதலாளி எழுந்து நின்று, "சாம்பிள் அருமையா வந்திருக்குதுங்க அம்மிணி. ஆர்டரை வேற இடத்துல ஓட்டிக்கலாமுங்க" என்றார்.

அது அக்காவின் வசனம். அழகாகச் சாம்பிள் தைத்துக் கொடுக்கும் சின்னப் பட்டறைக்காரர்களிடம் அவளே போனில் சொல்லிச் சொல்லித் தேய்ந்த வார்த்தைகள். சாம்பிள் ஒருவனிடம் வாங்கி, அதைக் காட்டி ஆர்டர் பிடித்து, மலிவாகத் தைப்பவனிடம் தள்ளிவிடுவது அந்தத் தொழிலில் தினசரி நடப்பது. தைத்தவன் நன்றாகத் தைத்திருக்கிறானா என்பது அதில் பேச்சே இல்லை. நன்றாகத் தைத்ததால்தான் அதைப் பார்த்து இன்னொருவன் தைக்க முடிகிறது. அக்காவுக்கு இது தெரியாதா? முதலாளிமேல் கோபம் வந்தது. அவள்மேலும் வந்தது. இன்று ஊரில் பாதிப் பேர் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறார்கள், அதை வசதி என்கிறார்கள். தங்கள் வேலை முழுவதையும் பெட்டிக்குள் ஒழுங்காக அடுக்கி வைத்திருப்பதாக யாராவது என்னிடம் பெருமை பேசினால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

அக்கா அழவில்லை. புதுப்பெண்ணுக்கு ஃபோல்டர்களை ஒவ்வொன்றாக விளக்கிக் கொடுத்தாள். கிளம்பும்போது முதலாளி ஒரு பெரிய பையைக் கொண்டுவந்து, பாப்பாவுக்கு நம் கம்பெனி துணி என்று நீட்டினார். பழக்கதோஷம், அக்கா ஒரு சட்டையை எடுத்து உள்புறம் திருப்பிப் பார்த்தாள். நகத்தால் நெம்பியதும் பட்டன் கையோடு வந்துவிட்டது.

"இது நான் ரிஜெக்ட் பண்ண லாட்டு சார். பிள்ளை வாயில போட்டா தொண்டையில அடைச்சுக்கிடும்."

முதலாளி சிரித்தார். கனிவான சிரிப்பு. "அதெல்லாம் வெள்ளைக்காரங்க குழந்தைக்கு வெக்கிற டெஸ்ட்டுங்க அம்மிணி. நம்ம குழந்தைகளுக்கு ஒண்ணும் ஆகாதுங்க."

அவர் கிண்டல் செய்யவில்லை, ஆறுதல்தான் சொன்னார். பையை அவர் மேஜைமேல் வீசிவிட்டு அக்கா வெளியேறுவாள் என்று நான் நின்றுகொண்டிருந்தேன். அவள் பட்டனை மேஜைமேல் வைத்தாள். சட்டையை மடித்துப் பைக்குள் போட்டாள்.

"பட்டனையெல்லாம் வெட்டிட்டு நாடா வச்சுத் தைச்சுக்கிடுதேன் சார்" என்று சொல்லிவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனாள்.