மூன்றாவது விரிசலின் கண்ணாடி

இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தின்போது உளுந்தூர்பேட்டைப் பக்கம் சாலையில் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். கள்ளக்குறிச்சிக்கு வரும் பஸ்களும் லாரிகளும் எங்கள் ஊர் ஆற்றின் பழைய கான்கிரீட் வளைவுப் பாலத்துக்குத் திரும்பின. சிவில் டிப்ளமோ முடித்து நெடுஞ்சாலைத் துறை அலுவலகத்தில் பயிற்சிக்குச் சேர்ந்திருந்த என்னிடம் அந்தப் பாலத்தின் வரலாற்றுப் பதிவேட்டை எழுதச் சொன்னார்கள்.

கட்டிய ஆண்டு: கல்வெட்டில் ஒன்று, பழைய பதிவேட்டில் வேறொன்று. வளைவுகள்: ஐந்து. பழுதுபார்த்தது: வெள்ளத்துக்குப் பிறகு ஒரு முறை, எந்த வளைவில் என்று எழுதவில்லை. விரிசல்கள்: ஏழு. அவை பழையவையா, லாரிகள் வந்தபின் வளர்கின்றனவா? வளர்ந்தால் பாலத்தை மூட வேண்டும்.

ஒவ்வொரு விரிசலுக்கும் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டைச் சிமெண்டால் ஒட்டித் தேதி எழுதினேன். விரிசல் அசைந்தால் கண்ணாடி உடையும். பத்து நாள் கழித்துப் பார்த்தால் ஏழும் முழுசாக இருந்தன. ஆனால் மூன்றாவது விரிசலில், முன்பு நுழையாத சவர பிளேடு இப்போது நுழைந்தது. விரிசல் அகன்று கண்ணாடி மட்டும் எப்படி உடையாமல் இருக்கும்? வெயிலின் வேலையா, என் கை செய்த பிழையா? மறுபடி அளந்தேன்; ஒருமுறை பிளேடு நுழைந்தது, மறுமுறை நுழையவில்லை.

வற்றிய ஆற்று மணலில் ஏணியைப் பிடித்திருந்த சாலைப் பணியாளர் அண்ணாந்து பார்த்தார்.

"இன்னாம்மா, இன்னும் எத்தினி தபா அளப்ப? பாலமே வெக்கப்படப் போவுது."

"அண்ணே, கண்ணாடிய யாராச்சும் தொட்டாங்களா?"

"நான்தாம்மா. ரெண்டு ஒடஞ்சிப்போச்சி. பெரிய ஆபீசர் வர்றாருன்னாங்க. பார்த்தா உன்னத்தான திட்டுவாரு? அதான் வேற ஒட்டிட்டேன். உன் தேதியவே போட்டேன். எழுத்து உன்னுது மாதிரியே இருக்குதா?"

இருந்தது.

"எந்த ரெண்டு?"

"மூணாவது ஒண்ணு. இன்னொண்ணு... இப்ப எல்லாம் ஒரே மாதிரி தெரியுதேம்மா."

"தானா ஒடஞ்சிதா, யாராச்சும் கல்லு வுட்டாங்களா?"

"அதுல எழுதியா இருக்குது?"

அதிகாரியிடம் போய்ச் சொன்னேன். "மூடினா ஜனங்க ஆஸ்பத்திரிக்குக்கூடப் போவ முடியாது. வளருதா இல்லையா, ஒண்ணு எழுதும்மா" என்றார். 'தெரியவில்லை' என்று எழுதினேன். அதன் கீழே: லாரி கூடாது, பயணிகள் இறங்கி நடக்க வேண்டும், காலி பஸ் மெதுவாகப் போகலாம். நெடுநேரம் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் முதல் பஸ்ஸை நிறுத்தினேன். இடுப்பில் குழந்தையோடு இறங்கிய ஒரு பெண் என்னிடம் வந்தாள்.

"பாலம் வுழுமா, வுழாதா?"

"தெரியலக்கா."

"நல்லா படிச்ச போ" என்று சொல்லிவிட்டு, கைப்பிடிச் சுவரை ஒட்டி நடக்கத் தொடங்கினாள்.