கோயில் வாசலில் நாலு ஜோடி

மெக்சிகோவில் நாங்கள் நாலு பேரும் மாதா கோயில் வாசலில் செருப்பைப் பறிகொடுத்துவிட்டு வெறுங்காலோடு வீடு திரும்பிய கதையை அப்பா சொல்லாத விசேஷம் எங்கள் வீட்டில் கிடையாது. பிள்ளைகளின் புதுநன்மை, நிச்சயதார்த்தம், கல்யாணம், எதுவானாலும் சாப்பாடு முடிந்து எல்லாரும் நாற்காலியைத் தேடும் நேரத்தில் யாராவது "அந்த மெக்சிகோ செருப்பு" என்று எடுத்துக்கொடுப்பார்கள். அப்பாவும் முதல்முறை சொல்வதுபோல் ஆரம்பிப்பார். சில வருடத்துக்கு ஒருமுறை நாங்கள் நடந்த தெருக்களின் எண்ணிக்கை ஒன்று கூடும். இப்போது ஒன்பதில் நிற்கிறது. உண்மையில் நாலு தெருதான்.

அந்தக் கதைக்கு ஒரு பின்பாதி உண்டு. அது அப்பாவுக்குத் தெரியாது. எனக்கு மட்டும்தான் தெரியும் என்று பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது, தம்பிக்கு நாலு. அப்பா வேலை பார்த்த கார் உதிரி பாகங்கள் கம்பெனி மெக்சிகோவில் ஒரு தொழிற்சாலை திறந்தது. அங்குள்ளவர்களுக்கு வேலை பழக்கிக் கொடுக்க அப்பாவை ஒன்றரை வருடத்துக்கு அனுப்பினார்கள். மந்தைவெளி வீட்டைப் பூட்டி, சாவியை எதிர்வீட்டில் கொடுத்துவிட்டு, ஒரு ஜூலை மாதம் குடும்பத்தோடு கிளம்பினோம்.

அம்மா மயிலாப்பூரில் பதினோரு வருடம் கணக்கு டீச்சராக இருந்தவள். ஐம்பது பிள்ளைகள் கூச்சல் போடும் வகுப்பு, அம்மா வாசலில் வந்து நின்றாலே அடங்கிவிடும். அப்பேர்ப்பட்டவள் அந்த ஊரில் தக்காளி வாங்க முடியாமல் நின்றாள். சந்தையில் கடைக்காரர் தக்காளியைக் கூடையில் அள்ளிக் காட்டி "சரியா?" என்பதுபோல் பார்ப்பார். அம்மா நம் ஊர் வழக்கப்படி தலையை இப்படியும் அப்படியும் ஆட்டுவாள். அவர் வேண்டாமாக்கும் என்று கொட்டிவிட்டு வேறு அள்ளுவார். மறுபடி தலையாட்டல், மறுபடி கொட்டல். மூன்றாவது தடவை அவர் தக்காளியை விட்டுவிட்டு வெங்காயத்தைக் காட்டினார்.

சனிக்கிழமைகளில் இரண்டு வாளித் தண்ணீரை ஊற்றி பாத்ரூமைத் தேய்த்துக் கழுவினால்தான் அம்மாவுக்கு வீடு வீடாக இருக்கும். அந்த ஊர் பாத்ரூமில் குளிக்கும் மூலையைத் தவிர வேறெங்கும் தண்ணீர் போக வழி கிடையாது என்பது, தண்ணீர் கூடத்தைத் தாண்டிப் படியிறங்கிக் கீழ்வீட்டுக்குள் போன பிறகுதான் தெரிந்தது. மன்னிப்புக் கேட்க என்னை அனுப்பினார்கள். பள்ளிக்கூடத்தில் நாலு மாதத்தில் ஸ்பானிஷ் எனக்கு ஓரளவு வந்திருந்தது. "என் அம்மா மிகவும் சுத்தமானவர்" என்று சொல்லிவிட்டு வந்தேன். கீழ்வீட்டம்மாள் கையில் தரை துடைக்கும் மாப்போடு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

இப்படியாக வெளியுலகத்துக்கு அம்மாவின் வாய் நான்தான் என்று ஆயிற்று. எனக்கு அதில் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. ஞாயிறு பூசை ஒன்றில் மட்டும் அம்மாவுக்கு நான் தேவைப்படவில்லை. எப்போது எழ வேண்டும், எப்போது முழங்காலிட வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. சாமியார் ஸ்பானிஷில் சொல்வார், அம்மா சரியான இடத்தில் தமிழில் மெதுவாகப் பதில் சொல்வாள். ஊரில் எங்கள் பங்குக் கோயில் பாடகர் குழுவில் அவள்தான் இரண்டாம் குரல். இங்கே பாடகர்களுக்குப் பின்னால் நாலாவது வரிசையில் உட்கார்ந்து, வார்த்தை தெரியாவிட்டாலும் ராகத்தைப் பிடித்துக்கொண்டு கூடவே முனகுவாள். வாரத்தில் அந்த ஒரு மணி நேரம்தான் அம்மாவின் முகம் பழைய முகமாக இருக்கும்.

எங்கள் பங்கில் செருப்போடு கோயிலுக்குள் போகிற வழக்கம் இல்லை. முதல் ஞாயிறே அப்பா, "இங்க யாரும் கழட்டலையே" என்று தயங்கினார். "அவங்க கழட்டலைன்னா நமக்கென்ன? சாமி ஒண்ணுதானே" என்றாள் அம்மா. அதிலிருந்து வாராவாரம் கதவுக்கு இடதுபக்கம் எங்கள் நாலு ஜோடி வரிசையாக இருக்கும். வருகிறவர்கள் எங்கள் பாதங்களைப் பார்ப்பார்கள், பிறகு எங்கள் முகத்தைப் பார்ப்பார்கள். யாரும் ஒன்றும் கேட்டதில்லை.

பூசையில் வாரத்துக்கு வாரம் மாறுவது கடைசியில் வாசிக்கும் அறிவிப்புகள். அவற்றைக் கேட்டு அம்மாவுக்குச் சொல்வது என் பொறுப்பு. டிசம்பர் முதல் ஞாயிறு அறிவிப்பு வாசித்தபோது, தம்பிக்கு எப்போது வெளியே போவோம் என்று அவசரம், எனக்கு அவன் காலை மிதித்து அடக்கும் வேலை. "என்ன சொன்னாங்க?" என்று அம்மா கேட்டாள். "ஒண்ணும் இல்லம்மா" என்று சொல்லிவிட்டேன்.

மறு ஞாயிறு போனால் கதவுக்கு இடதுபக்கம் ஏகப்பட்ட ஷூக்கள். பெரியது, சின்னது, பூட்ஸ், குதிகால் உயர்ந்தது, எல்லாம். பக்கத்தில் இரண்டு அட்டைப் பெட்டிகள். அம்மா அப்படியே நின்றுவிட்டாள். "பாத்தீங்களா? நம்மளப் பாத்து இவங்களும் கழட்ட ஆரம்பிச்சிட்டாங்க!" என்று அப்பாவின் கையைப் பிடித்தாள். அந்த ஊருக்கு வந்த பிறகு அவள் அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. அப்பா தன் ஆபீஸ் ஷூவைக் கழற்றி சாக்ஸை உள்ளே மடித்து வைத்தார். அம்மா, பாண்டி பஜாரில் வாங்கிய தன் தோல் செருப்பை வைத்தாள். என் கான்வாஸ் ஷூ. நடந்தால் குதிகாலில் சிவப்பு விளக்கு எரியும் தம்பியின் ஷூ. நாலு ஜோடியும் நடுவில் நன்றாகத் தெரிகிற இடத்தில் இருந்தன. உள்ளே போனதும் எல்லார் காலிலும் ஷூ இருந்ததை நாங்கள் ஒருவரும் கவனிக்கவில்லை.

பூசை முடிந்து வெளியே வந்தால் தரை துடைத்துவிட்டதுபோல் இருந்தது. வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்த பெரியவரிடம் கேட்டேன். மலைப்பக்கத்து ஏழைக் குடும்பங்களுக்குக் குளிர்காலத்துக்காகச் சேகரித்த ஷூக்கள், போன வாரமே அறிவித்தார்களே, வண்டி இப்போதுதான் போனது, ஜனங்கள் எவ்வளவு தாராளமாகக் கொடுத்திருக்கிறார்கள் என்று மகிழ்ச்சியாகச் சொல்லிக்கொண்டே வந்தவர், கடைசியில் எங்கள் கால்களைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

குளிரில் ஜில்லிட்ட நடைபாதையில் நடந்தோம். அப்பா தம்பியைத் தூக்கிக்கொண்டார். அவன் தன் விளக்கு ஷூவுக்காக ஊரைக் கூட்டினான். இரண்டாவது தெருவில் அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இன்னாடி, கால்ல கிடந்ததையே தானம் பண்ணது நாமதான் போல" என்றார். அம்மா வீட்டுக்கு வந்து காலைக் கழுவிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"கோயில்ல கூட எனக்கு ஒண்ணும் புரியலைன்னா, அப்புறம் நான் இங்க எதுக்கு? நீங்க வேலைய முடிச்சிட்டு வாங்க. நான் பிள்ளைங்களைக் கூட்டிட்டு ஊருக்குப் போறேன்."

அப்பாவின் சிரிப்பு நின்றது. அவர் வேலை முடிய இன்னும் முழுசாக ஒரு வருடம் இருந்தது. "அடுத்த ஞாயிறு வரைக்கும் யோசி. அப்பவும் போகணும்னா டிக்கெட் போட்டுடறேன்" என்றார்.

கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எனக்கு ஊருக்குப் போக வேண்டும். பள்ளிக்கூடத்தில் எல்லாரும் பேசுவது புரிந்தது, ஆனால் யாரும் என்னிடம் பேசவில்லை. மதியம் டப்பாவைத் திறந்தால் பக்கத்துப் பெஞ்சு காலியாகிவிடும். மந்தைவெளியில் எங்கள் தெருப் பிள்ளைகள் இந்நேரம் கிறிஸ்துமஸ் குடிலுக்கு வைக்கோல் தேடி அலைந்துகொண்டிருப்பார்கள் என்று நினைத்தாலே அழுகை வரும். அந்த ஒரு வாரம் அம்மா மனதை மாற்றிக்கொள்ளக் கூடாதே என்று மாதாவிடம் தினமும் வேண்டினேன்.

புதன்கிழமை சாயங்காலம் மணி அடித்தது. கோயிலிலிருந்து இரண்டு பெண்கள். ஒருத்தி பாடகர் குழுவை நடத்தும் நரைத்த தலை அம்மாள். கையில் பை. அப்பாவின் ஷூ, அம்மாவின் செருப்பு, என் கான்வாஸ் எல்லாம் அதில் இருந்தன. தம்பியுடையதைப் போட்டுக்கொண்ட பையன் கழற்ற மாட்டேன் என்று அடம்பிடித்தானாம். அதற்குப் பதிலாக ஒரு பொம்மை லாரி கொண்டுவந்திருந்தார்கள். நரைத்த தலை அம்மாள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நிறுத்தாமல் பேசினாள். மன்னிக்க வேண்டும். நீங்கள் செருப்பைக் கழற்றுவது எங்களுக்கு மிகவும் பிடித்திருக்கிறது. இனிமேல் உங்களுக்கென்று கதவோரம் ஒரு மிதியடி விரித்துவைக்கிறோம், யாரும் தொட மாட்டார்கள். உன் அம்மா பின்னால் பாடுவதை நாங்கள் வாராவாரம் கேட்கிறோம், அந்தக் குரல் எங்களுக்கு வேண்டும். நாளை ஐந்து மணிக்குக் கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சி, கட்டாயம் வரச் சொல். உங்கள் மொழியிலும் ஒரு பாட்டு பாடட்டும்.

எல்லாம் புரிந்தது. ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது.

அம்மா என் தோளைத் தொட்டு, "என்னடி சொல்றாங்க?" என்றாள்.

"செருப்பைத் திருப்பிக் குடுக்க வந்திருக்காங்க. இனிமே கோயிலுக்கு வந்தா செருப்பைக் கழட்டக் கூடாதாம்."

"இவ்வளவு நேரம் பேசினாங்களே?"

"அதையேதாம்மா திரும்பத் திரும்பச் சொல்றாங்க."

அம்மாவின் முகத்தில் ஏதோ அணைந்தது. சரி என்று தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். வந்தவர்கள் அதை வேண்டாம் என்று எடுத்துக்கொண்டு வருத்தத்தோடு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அம்மாவால் வர முடியாது என்று நானும் ஸ்பானிஷில் சேர்த்துச் சொன்னேன். நரைத்த தலை அம்மாள் அம்மாவின் கன்னத்தைத் தொட்டுவிட்டு, பாட்டு அச்சடித்த ஒரு காகிதத்தை என்னிடம் கொடுத்தாள். அதை எட்டாக மடித்து என் நோட்டுப் புத்தகத்தின் உறைக்குள் சொருகிவைத்தேன். மறுநாள் கிழித்துப் போடலாம் என்று தேடியபோது காணவில்லை. எங்கோ விழுந்துவிட்டது, தொல்லை விட்டது என்றிருந்தேன்.

அந்த வியாழக்கிழமை சாயங்காலம் அம்மா முதல்முறையாக என்னை அழைக்காமல் தனியாக வெளியே போனாள். கொத்தமல்லி வாங்கிட்டு வரேன், தம்பியப் பாத்துக்கோ என்றாள். கொஞ்ச நேரத்தில் வெறுங்கையோடு திரும்பினாள். கடை மூடியிருந்ததாம். ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் டிக்கெட் போடச் சொன்னாள்.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால் மந்தைவெளிக்கு வந்து சேர்ந்தோம். குடிலில் மாட்டுப் பொம்மையை வைத்தது நான்தான். கேட்டதெல்லாம் கிடைத்தது. ஆனால் ஒரு வருடம் அப்பா போனுக்குள் இருந்தார். பின்னால் ஒரு வெள்ளைச் சுவர், கையில் ரொட்டி. நாளாக ஆகத் தம்பி அவரிடம் பேச வெட்கப்பட்டு ஓட ஆரம்பித்தான். அவன் ஓடிய பிறகும் அப்பா சிரித்தபடி திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். என்னால்தான் அவர் அங்கே தனியாக இருக்கிறார் என்று எனக்குத் தெரியும். போர்வைக்குள் எத்தனையோ நாள் அழுதிருக்கிறேன். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில்கூட அதைச் சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை.

போன டிசம்பரில் வீடு நிறைய உறவுக்காரர்கள். அம்மா ஏதோ ஒரு பாட்டுக்கு முதல் அடி மறந்துபோய், உள்ளறையிலிருந்து தன் பழைய பாட்டுப் புத்தகத்தை எடுத்துவரச் சொன்னாள். புரட்டினேன். எட்டாக மடித்த காகிதம் விழுந்தது. ஸ்பானிஷ் பாட்டு. ஓரத்தில் வியாழன் என்று பேனாவால் எழுதி, மொழி தெரியாதவளுக்கும் புரியட்டும் என்று ஐந்து மணி காட்டும் ஒரு கடிகாரம் வரைந்திருந்தது. நிமிர்ந்தால் அம்மா வாசலில் நின்றாள்.

"உன் பையை நான் பாக்காத நாள் உண்டா?" என்றாள்.

அம்மா கட்டிலில் வந்து உட்கார்ந்தாள்.

"கொத்தமல்லி வாங்கப் போறேன்னு போனேனே, அன்னைக்கு அங்கதான் போனேன். கதவோரம் நமக்குன்னு புதுசா ஒரு மிதியடி. கழட்டி அது மேல வெச்சேன். உள்ள பாடிட்டு இருந்தாங்க. ரெண்டாம் குரல் இல்லாம மொட்டையா இருந்துச்சு. உள்ள கால வெச்சா அங்கயே இருந்துடுவேன்னு தெரிஞ்சிடுச்சு. எனக்கு நம்ம ஊருக்கு வரணும். திரும்ப மாட்டிக்கிட்டு வந்துட்டேன்."

"என்னைத் திட்டியிருக்கலாமேம்மா."

"உன்னைத் திட்டினா எல்லாம் வெளிய வந்துடும், அப்புறம் நான் அங்கயே இருக்கணுமே" என்றாள்.

நான் போர்வைக்குள் அழுத அத்தனை நாளும் அடுத்த கட்டிலில் அம்மா தூங்கிக்கொண்டிருக்கிறாள் என்றே நினைத்திருந்தேன். அவளுக்கும் அதே பாரம் இருந்திருக்கும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. அம்மா காகிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்துப் புத்தகத்தில் வைத்தாள். "அப்பாகிட்ட சொல்லாதே" என்றாள். கூடத்தில் யாரோ செருப்புக் கதையை எடுத்துக்கொடுத்திருக்க வேண்டும். அப்பா தம்பியைத் தூக்கிக்கொண்டு ஏழாவது தெருவில் நடந்துகொண்டிருந்தார். அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, சிரிக்க வேண்டிய இடத்தில் எல்லாரோடும் சேர்ந்து சிரித்தாள்.