ஸ்ரெப்ரோ யாருடைய சொல்?

"தம்பி, வெள்ளிக்குப் போலிஷில ஸ்ரெப்ரோவாம். எங்கடை தமிழ்ச் சொல்லோ எண்டு பார்த்துச் சொல்லும். சனிக்கிழமைக்குத் தேவை."

போன ஐப்பசியில் ஒரு திங்கட்கிழமை காலை வந்த இந்தச் செய்தியை இன்னும் கைபேசியில் அழிக்காமல் வைத்திருக்கிறேன். அனுப்பியவர் கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் மின்வேலை செய்யும் மன்னார் அண்ணை. எங்கள் பங்குக் கோயில்காரர். நெடுங்காலம் ஜேர்மனியில் இருந்துவிட்டு லண்டன் வந்தவர். அந்தச் சனிக்கிழமை அவருடைய மகளுக்கும் ஒரு போலந்துப் பையனுக்கும் நிச்சயதார்த்தம். பையனின் தாய்க்கு ஆங்கிலம் தெரியாது. பிள்ளைகள் மொழிபெயர்த்தால் தலையாட்டுவார், அவ்வளவுதான். அவருக்குப் பரிசாக வெள்ளிக் குத்துவிளக்கைக் கொடுக்கும்போது தானே நேராக ஏதாவது சொல்லவேண்டும் என்று அண்ணைக்கு ஆசை.

"அந்த மனிசி ஒருக்காச் சிரிச்சால் காணும். பிள்ளை போய் இருக்கப்போற வீடெல்லே" என்றார்.

அகராதிகளைப் புரட்டினேன். போலந்தவரின் ஸ்ரெப்ரோவும் ரஷ்யரின் செரெப்ரோவும் ஒன்றே. ஆங்கிலத்தின் சில்வரும் ஜேர்மனின் ஸில்பரும் அவற்றுக்கு உறவு. மூலம் மட்டும் தெரியவில்லை. கிழக்கிலிருந்து வந்திருக்கலாம் என்கிறார்கள் சிலர்; அடித்துச் சொல்ல ஆளில்லை. அண்ணைக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

"அப்ப எங்கடை எண்டு சொல்ல ஏலாதோ?"

"ஏலாது அண்ணை."

"எங்கடை இல்லை எண்டும் சொல்ல ஏலாதெல்லே?"

"அண்ணை!"

"சரி, சரி. நீர் பெரிய கஞ்சன். ஒரு சொல்லைக்கூடத் தரமாட்டீர்."

சனிக்கிழமை கோயில் மண்டபத்தில் விளக்கை நீட்டி, "ஸ்ரெப்ரோ" என்றார். அந்த அம்மா வழக்கம்போலத் தலையாட்டினார். அண்ணை விடவில்லை. நான் சொன்ன உறவுமுறையை விளக்கைத் தொட்டுத் தொட்டு ஒப்புவித்தார்: "ஸ்ரெப்ரோ, சில்வர், ஸில்பர்."

கடைசிச் சொல்லில் அம்மா நிமிர்ந்தார். ஜேர்மனில் ஏதோ கேட்டார். அண்ணையும் ஜேர்மனில் பதில் சொன்னார். அந்த அம்மா இளவயதில் ஜேர்மனியில் ஒரு மருத்துவமனைச் சமையலறையில் வேலை செய்தவராம். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழி இருக்குமா என்று நாங்கள் யாருமே கேட்டுப் பார்த்திருக்கவில்லை.

"அப்பா, சாப்பாட்டு மேசையில ரோல்ஸ் முடியுது!" என்று மகள் கூப்பிட்டும் இருவரும் எழும்பவில்லை.

எனக்கு ஜேர்மன் தெரியாது. ஆனால் அந்தப் பேச்சில் 'தமிழ்' என்பது அடிக்கடி காதில் விழுந்தது. அம்மா விளக்கைத் தடவியபடி சிரித்துக்கொண்டிருந்தார். ஸ்ரெப்ரோவைத் தமிழ்ச்சொல் என்றே சொல்லிவிட்டாரா என்று போகும்போது வாசலில் அண்ணையிடம் கேட்டேன்.

"அது சம்பந்திமார் விஷயம்" என்றார்.

ஆகவே, அவர் சொன்னாரா இல்லையா என்பது இன்றுவரை உறுதிசெய்யப்படவில்லை.